ஒன்றுக்கு ஐந்நூறு

என் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால்
தரையில் அரை மீட்டர்.
கோடு கொஞ்சம் தடித்தால் போதும்,
உலான்பாதரின் வடக்கு மேட்டில்
ஒருவர் தோண்டிய கழிப்பறைக் குழி
பக்கத்து வேலிக்காரர் பெயருக்குப் போய்விடும்.

பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
திரையைத் தொங்கவிட்டோம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
நுழைகிற ஒவ்வொரு மேலங்கியோடும்
நிலக்கரி நெடியும் உள்ளே வந்து
இடம் பிடித்து உட்கார்ந்தது.

தலைமைத் திட்டமிடுநர் எர்தெனெபிலெக்
ஒன்பது மாடி என்றார், வெந்நீர்க் குழாய் என்றார்.
நீங்கள் தருவது எழுநூறு சதுர மீட்டர்,
நாங்கள் தருவது நாற்பத்திரண்டு.
யாரோ கழித்துப் பார்த்துச் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
“மீதியைச் சூடாகத் தருகிறோம்” என்றார்.

முதல் கேள்வி நாயைப் பற்றி.
இரண்டாவதும் நாயைப் பற்றி.
மூன்றாவதாக எழுந்தவர் லாரி ஓட்டும் தவாசம்பூ:
“என் கூடாரத்தின் வாசல் தெற்கே பார்க்கிறது,
காற்று வடக்கிலிருந்து வருகிறது என்பதால்.
உங்கள் படத்தில் பாதி வாசல் வடக்கே.
காற்றுக்குச் சொல்லிவிட்டீர்களா?”

எர்தெனெபிலெக் என்னைப் பார்த்தார்.
அந்தக் கட்டடத்தைத் திருப்பி வைத்தவள் நான்தான்.
திருப்பினால்
ஆறு கார் கூடுதலாக நிற்கும்.
நான் தரையில் கிடந்த
மூன்று புள்ளிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் ஒரு பெண்,
மடியில் தூங்கும் பையனின் தொப்பியைச் சரிசெய்தபடி,
எழுந்திருக்காமலே சொன்னாள்:
“இவன் நான்கு குளிர்காலம் பார்த்திருக்கிறான்.
மூன்றை ஆஸ்பத்திரியில் பார்த்தான்.
வாசல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருக்கட்டும்,
அடுப்பு மட்டும் வேண்டாம்.”
தவாசம்பூ உட்கார்ந்துவிட்டார்.
ஒத்துக்கொண்டாரா, களைத்துப்போனாரா,
தெரியவில்லை.

விதி இதுதான்:
எண்பத்தொரு மனையில் அறுபத்தொரு கையெழுத்து.
மேசைமுன் வரிசை நகர்ந்தது.
பேனா மை உறைந்து
மூன்று முறை வாயால் ஊதினேன்.

ஐம்பத்தொன்பதாவதுக்குப் பிறகு வந்தவள்
நியாம்ஹிஷிக். தண்ணீர்க் கடைக்காரி.
இருபது லிட்டர் கேனைத் தள்ளுவண்டியில் வைத்து
இந்த மேடு முழுக்க அவள் சாளரத்துக்குத்தான் வரும்.
எந்த வீட்டில் ஐந்து பேர்
ஒரு கேனில் இரண்டு நாள் ஓட்டுகிறார்கள்,
எந்த வீட்டில் புதிதாகக் குழந்தை,
யார் விருந்தாளியை ஒளித்து வைத்திருக்கிறார்கள்,
எங்கள் கணக்கெடுப்பில் இல்லாதது
அவள் கடன் நோட்டில் இருக்கிறது.

“குழாய் வந்தால் என் கடை?”
“தேவைப்படாது, அக்கா.”
“சரி. எங்கே போடணும்?”

பட்டியலில் விரலை ஓட்டினேன்.
கடை நகராட்சி நிலத்தில்.
குடியிருப்பது கொழுந்தன் வேலிக்குள்.
அவள் பெயரில் ஒரு மில்லிமீட்டரும் இல்லை.
உங்கள் கையெழுத்து கணக்கில் வராது என்று
எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை,
சொன்னேன்.

“வராட்டிப் போகுது” என்று
தாளின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.
கீழே தேதியும் போட்டாள்.
பிறகு தவாசம்பூவிடம் போய்
நவம்பர் பாக்கியைக் கேட்டாள்.

ஐம்பத்தொன்பதிலேயே நின்றது.
வசந்தத்தில் மறுபடி கூடுவோம் என்றார்கள்.

அலுவலகத்தில் படத்தைத் திறந்தேன்.
அவள் கடை, நான்கு மில்லிமீட்டருக்கு ஐந்து.
“அகற்றப்படும்” என்ற அடுக்கில் சிவப்பாக இருந்தது.
கடைமுன் நிற்கும் வரிசைக்கு
அடுக்கே கிடையாது.
கட்டடத்தைத் தெற்கே திருப்பினேன்.
ஆறு கார் வெளியே விழுந்தன.
சேமிக்கவா என்று கேட்டது.

நான் இருப்பது ஏழாம் மாடி வாடகை வீட்டில்.
நான்கு வருடமாகக்
குழாயைத் திறக்கிறேன், மூடுகிறேன்.
என் சன்னல் எந்தத் திசை என்று
அன்றிரவுதான்
பனியைச் சுரண்டிப் பார்த்தேன்.